மீதிப் பன்னிரண்டரைச் சுற்றையும் கொடுங்கள்

சர்வதேச ஸ்கேட்டிங் சங்கத்தின் தலைவருக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,
லோசான், சுவிட்சர்லாந்து.

வணக்கம்.

நான் நெதர்லாந்தின் ஹார்லெம் ஊரில் குடியிருக்கும் தமிழ்ப் பெண். இந்த மடலைத் தமிழில்தான் எழுதுகிறேன். மனதில் இருப்பதைக் குறைவில்லாமல் சொல்ல எனக்குத் தெரிந்த மொழி இதுதான். டச்சில் மாற்றி உங்களுக்கு அனுப்பும் வேலையை என் மகள் ஏற்றிருக்கிறாள். அவளுக்கு வயது 14. இந்த மடலே அவளால் வந்ததுதான்.

குளிர்காலம் வந்தால் வாரத்தில் இரண்டு நாள் அவளை ஸ்பீட் ஸ்கேட்டிங் பயிற்சிக்காக ஐஸ் தளத்துக்குக் கூட்டிப்போவேன். 400 மீட்டர் சுற்று. போன ஜனவரியில் ஒருநாள் பயிற்சி முடிந்த பிறகும் அவள் வெளியே வரவில்லை. இடது மணிக்கட்டில் ஐந்து ஹேர்பேண்ட் மாட்டியிருந்தாள். ஐந்து சுற்று முடிந்ததும் ஒன்றைக் கழற்றி வலது கைக்கு மாற்றினாள். இன்னும் ஐந்து சுற்று, அடுத்தது. கையுறையோடு அதைக் கழற்றுவது சிரமம், பல்லால் கடித்து இழுத்தாள். தடுப்புக்கு இந்தப் பக்கம் பிளாஸ்கைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். ஐந்தாவது பேண்டும் வலது கைக்குப் போனபோது 25 சுற்று, அதாவது 10,000 மீட்டர். மூச்சு வாங்க வந்து நின்றவள் கேட்டாள்: "அம்மா, இந்தத் தூரத்தை ஒலிம்பிக்கில் நான் எப்போது ஓடலாம்?"

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். வீட்டுக்கு வந்து பார்த்தேன். ஓட முடியாது. ஆண்களுக்கு 5,000 மீட்டரும் 10,000 மீட்டரும் இருக்கின்றன. கடிகாரத்தோடு தனியாக மோதும் போட்டிகளில் பெண்களுக்கு 5,000 மீட்டரோடு சரி. பன்னிரண்டரைச் சுற்று முடிந்ததும் அவர்களை ஐஸிலிருந்து இறங்கச் சொல்கிறீர்கள். மீதிப் பன்னிரண்டரைச் சுற்று ஏன் அவர்களுக்கு இல்லை என்று கேட்கத்தான் இந்த மடல்.

இதை ஹார்லெமிலிருந்து கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. இவோன் வான் கெனிப் பிறந்த ஊர் இது. உங்களுக்கு அவரைத் தெரியாமல் இருக்காது. இதை வாசிக்கப்போகும் தமிழர்களுக்காக அவர் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1980களில் பெண்கள் ஸ்பீட் ஸ்கேட்டிங் என்றால் கிழக்கு ஜெர்மனிதான். 1984 சரயேவோ ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இருந்தவை நான்கு போட்டிகள். நான்கு தங்கமும் அவர்களுக்கே போயின. 3,000 மீட்டரில் மூன்று பதக்கத்தையும் அவர்களே வாரிக்கொண்டார்கள். ஒரு நாட்டின் அரசாங்கமே பின்னால் நின்று வளர்த்த அணி அது. அதற்கு எதிராக 1988இல் கனடாவின் கால்கரியில் நடந்த ஒலிம்பிக்குக்குப் போனார் 23 வயது இவோன். போவதற்குச் சுமார் இரண்டு மாதம் முன்புதான் காலில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. ஸ்கேட்டிங்கில் கால்தான் எல்லாம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பனிக்காலத்தின் முக்கியமான வாரங்களில் மருத்துவமனைக் கட்டிலில் இருந்தவர் ஒலிம்பிக்கில் ஓடுவதே பெரிய விஷயம் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள்.

பிப்ரவரி 23, 3,000 மீட்டர். இவோன் 4 நிமிடம் 11.94 விநாடி, உலக சாதனை. இரண்டாவதாக வந்த ஆண்ட்ரியா ஏரிக் 4 நிமிடம் 12.09. வித்தியாசம் 0.15 விநாடி.

பிப்ரவரி 27, 1,500 மீட்டர். இவோன் 2 நிமிடம் 0.68. கரின் கனியா 2 நிமிடம் 0.82. வித்தியாசம் 0.14.

மறுநாளே 5,000 மீட்டர். இவோன் 7 நிமிடம் 14.13, மறுபடியும் உலக சாதனை. ஏரிக் 7 நிமிடம் 17.12. வித்தியாசம் ஏறக்குறைய மூன்று விநாடி.

மூன்று போட்டியிலும் பதக்க மேடையில் இரண்டாம் இடமும் மூன்றாம் இடமும் கிழக்கு ஜெர்மனிக்கு. நடுவில் உயரமான இடத்தில் மட்டும் ஹார்லெம்காரி. அந்த ஒலிம்பிக்கில் மூன்று தங்கத்துக்கு மேல் வாங்கியவர் ஒருவரும் இல்லை. இவோனோடு சேர்ந்து மூன்று வாங்கிய இன்னொருவர், ஃபின்லாந்தின் பனிச்சறுக்குத் தாண்டல் வீரர் மட்டி நைகனன்.

அந்த வித்தியாசங்களை இன்னொரு முறை பாருங்கள். முதல் இரண்டு வெற்றியும் இமை கொட்டும் நேரத்தில் கிடைத்தவை. தூரம் கூடியதும் மூன்று விநாடி முன்னால் நிற்கிறார். ஐந்து நாளில் மூன்றாவது போட்டி அது, முந்தின நாள் ஓடிய களைப்பு வேறு. அப்படியும் நீண்ட தூரத்தில்தான் அவர் யாருக்கும் எட்டாமல் போனார்.

அந்த 5,000 மீட்டர் பெண்களுக்கு ஒலிம்பிக்கில் வந்தது அந்த வருடம்தான். கால்கரிதான் முதல் தடவை. நான்கு வருடம் தள்ளிச் சேர்த்திருந்தால் இவோன் வான் கெனிப் இரண்டு தங்கத்தோடு திரும்பியிருப்பார். அவர் உடம்பிலோ உழைப்பிலோ ஒரு குறையும் இருந்திருக்காது. நிரல் தாளில் ஒரு வரி இருந்திருக்காது, அவ்வளவுதான்.

அப்படி வரி இல்லாமல் போனவர்களும் இருக்கிறார்கள். இந்த நாட்டின் ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தில் பிறந்த ஆட்யே க்யூலன்-டீல்ஸ்ட்ரா பண்ணைக் குடும்பத்துப் பெண், மூன்று பிள்ளைகளுக்குத் தாய். இனி ஸ்கேட்டிங் எதற்கு என்று ஊரே கேட்கும் வயதில், 31இல், 1970இல் உலக சாம்பியன் ஆனார். அப்புறம் 1972, 1973, 1974 என்று தொடர்ந்து மூன்று முறை. 1972 சப்போரோ ஒலிம்பிக்கில் 1,000 மீட்டரில் வெள்ளி, 1,500இலும் 3,000இலும் வெண்கலம். தங்கம் இல்லை. பிற்காலத்தில் மாரத்தான் ஸ்கேட்டிங் பக்கம் போய் அங்கேயும் பேர் வாங்கினார் அவர். மாரத்தானில் ஓடும் நெஞ்சுரம் உள்ள பெண்ணுக்கு அன்றைய ஒலிம்பிக்கில் இருந்த அதிகபட்சத் தூரம் 3,000 மீட்டர், ஏழரைச் சுற்று. ஆட்யேவின் தூரம் எது என்று கண்டுபிடிக்கும் வாய்ப்பையே நாம் விட்டுவிட்டோம். 2013இல் அவர் இறந்தும் போனார்.

இதில் எனக்கு மிகவும் வலிக்கும் விஷயம் வேறு. 5,000 மீட்டர் பெண்களிடம் ஏற்கெனவே இருந்தது. 1936இல் நீங்கள் பெண்களுக்கு அதிகாரபூர்வமான உலக சாம்பியன்ஷிப்பைத் தொடங்கியபோதே அந்தத் தூரமும் அதில் இருந்தது. 1937இல் டாவோஸில் நார்வேயின் லைலா ஷூ நில்சன் என்ற 17 வயதுப் பெண் 9 நிமிடம் 28.3 விநாடியில் அதை ஓடி உலக சாதனை படைத்தார். 1950களின் நடுவில் அதைப் பெண்களிடமிருந்து எடுத்துவிட்டீர்கள். 1983இல்தான் திருப்பிக் கொடுத்தீர்கள். இடையில் ஏறக்குறைய முப்பது வருடம். ஆட்யே ஓடிய காலம் முழுக்க அந்த இடைவெளிக்குள் விழுகிறது. திருப்பிக் கொடுத்து ஐந்தே வருடத்தில் இவோன் வந்தார். கதவைத் திறந்தால் ஆள் வருவார்கள் என்பதற்கு உங்கள் சங்கத்தின் ஏட்டிலேயே சாட்சி இருக்கும்போது நான் வேறு எங்கே போய்த் தேட வேண்டும்?

பெண் உடம்பு தாங்காது என்ற பேச்சை இப்போது யாரும் வெளியில் சொல்வதில்லை. ஆனாலும் அதைத் தொடாமல் போக எனக்கு மனமில்லை, ஏனென்றால் அதில் இந்த நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முறையாக 800 மீட்டர் ஓடினார்கள். ஓடி முடித்தவர்கள் களைத்து விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் பெரிதுபடுத்தி எழுதின. அதோடு அந்தப் போட்டியை எடுத்தவர்கள், 1960 ரோமில்தான் திரும்பச் சேர்த்தார்கள். 800 மீட்டருக்கே அந்தப் பாடு. இன்றைக்குப் பெண்கள் மாரத்தான் ஓடாத ஒலிம்பிக்கை யாராவது நினைத்துப் பார்க்க முடியுமா?

இந்த நாட்டிலேயே இன்னொரு பதில் இருக்கிறது. ஃப்ரீஸ்லாந்தின் பதினோரு ஊர்களைச் சுற்றி உறைந்த கால்வாய்களில் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் ஓடும் எல்ஃப்ஸ்டேடன்டோக்ட் பற்றி உங்களுக்குத் தெரியும். விடிவதற்கு முன்னால் இருட்டில் கிளம்ப வேண்டும். பாலத்துக்கடியில் ஐஸ் சரியில்லாத இடங்களில், விரித்துப் போட்ட கம்பளத்தின் மேல் ஸ்கேட் காலோடே நடந்து தாண்ட வேண்டும். எதிர்காற்று முகத்தை அறுக்கும். கடைசியாக அது நடந்தது 1997 ஜனவரி 4. அன்று பெண்களில் முதலாவதாக வந்தவர் கிளாசினா சைன்ஸ்ட்ரா. அவரை அடுத்து வந்தவர் கிரேதா ஸ்மிட்.

அதே கிரேதா ஸ்மிட் ஐந்து வருடம் கழித்து 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் நின்றார். 200 கிலோமீட்டர் ஓடிய பெண்ணுக்கு உங்களிடம் இருந்த மிக நீண்ட போட்டி 5 கிலோமீட்டர். அதில் 6 நிமிடம் 49.22 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். அந்தச் சாதனை அந்தப் போட்டி முடியும்வரைகூட நிற்கவில்லை. பின்னால் ஓடிய ஜெர்மனியின் கிளாடியா பெக்ஸ்டைன் 6 நிமிடம் 46.91இல் வந்து தங்கத்தை எடுத்துக்கொண்டார். பெக்ஸ்டைன் வென்றது முறையான வெற்றி, அதில் எனக்கு ஒரு பேச்சும் இல்லை. ஆனால் பன்னிரண்டரைச் சுற்று முடிந்து அப்போதுதான் சூடு பிடித்த எந்திரம் மாதிரி இருந்திருக்கக்கூடிய ஒரு மாரத்தான்காரிக்கு இன்னொரு பன்னிரண்டரைச் சுற்று இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதைப் பார்க்கும் வாய்ப்பு உலகத்தில் யாருக்குமே கிடைக்கவில்லை.

"சரி, பெண்கள் 10,000 மீட்டரை ஓடத்தான் முடியும், பார்க்கும்படி ஓடுவார்களா?" என்று உங்களில் ஒருவர் கேட்கலாம். 1988இல் இவோன் மூன்று தங்கம் வென்ற அதே கால்கரி தளத்தில், அதே ஒலிம்பிக்கில், ஆண்கள் 10,000 மீட்டரை வென்றவர் ஸ்வீடனின் டோமாஸ் குஸ்டாஃப்சன். நேரம் 13 நிமிடம் 48.20 விநாடி, அன்றைக்கு உலக சாதனை. 2007 மார்ச்சில் அதே தளத்தில் செக் நாட்டின் மார்டினா சாப்லிகோவா 10,000 மீட்டர் ஓடினார். நேரம் 13 நிமிடம் 48.33.

வித்தியாசம் 0.13 விநாடி. 25 சுற்று ஓடிய பிறகு, ஏறக்குறைய ஒன்றரை மீட்டர்.

குஸ்டாஃப்சன் காலத்தில் கிளாப் ஸ்கேட் கிடையாது, சாப்லிகோவாவுக்கு இருந்தது. அது நியாயமான மறுப்புத்தான், ஒப்புக்கொள்கிறேன். குதிகால் பக்கம் கத்தியிலிருந்து பிரிந்து, காலை நீட்டி உந்திய பிறகு 'டக்' என்று மூடும் ஸ்கேட் அது, நேரத்தை நன்றாகவே குறைக்கிறது. ஆனால் அந்த ஸ்கேட்டின் கதையையும் பாருங்கள். ஆம்ஸ்டர்டாமில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை உருவாக்கி வைத்திருந்தும் பெரிய வீரர்கள் பல வருடம் தொடவில்லை. 1996–97 பருவத்தில் அதைத் துணிந்து மாட்டிக்கொண்டு மேல்மட்டப் போட்டிக்கு வந்தவர்கள் டோனி டி யோங் போன்ற டச்சுப் பெண்கள். அந்தப் பருவத்திலேயே டோனி ஐரோப்பிய சாம்பியன் ஆனார். அடுத்த வருடம் நகானோ ஒலிம்பிக்கில் ஏறக்குறைய எல்லோர் காலிலும் அதே ஸ்கேட். இன்று ஆண்கள் 10,000 மீட்டர் ஓடுவதும் பெண்கள் முதலில் சோதித்துக் காட்டிய அந்தக் கத்தியின் மேல்தான்.

நேரம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தொலைக்காட்சிக்கு நீளமான போட்டி பிடிக்காது என்பார்கள். ஒலிம்பிக்கில் 12 பேர் என்றால் இருவர் இருவராக ஆறு ஜோடி. ஒரு ஜோடிக்கு 14, 15 நிமிடம். நடுவில் ஐஸைத் திரும்ப வழுவழுப்பாக்கும் இடைவேளையும் சேர்த்தால் இரண்டு மணி நேரம். நான்கு வருடத்துக்கு ஒரு முறை இரண்டு மணி நேரம். அதைப் பார்க்க ஆள் இருக்காது என்று நினைப்பவர்கள் ஹேரன்வேன் ஊரின் தியால்ஃப் அரங்கில் ஒரு நீண்ட தூரப் போட்டியன்று வந்து உட்காரட்டும். ஒவ்வொரு சுற்று நேரமும் பலகையில் விழும்போது, அரை விநாடி கூடினால் ஒரு பெருமூச்சும் குறைந்தால் ஒரு கூச்சலும் அரங்கம் முழுக்க எழும். எண்பது வயதுப் பாட்டிகள் பென்சிலும் தாளுமாக அந்த நேரங்களை எழுதிக்கொண்டிருப்பார்கள். எனக்கு இந்த விளையாட்டு பிடித்ததே அப்படி ஒரு பாட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்த நாளில்தான். அன்று அவர் தன் தாளை என் பக்கம் திருப்பி, விரலால் சுற்று சுற்றாகத் தொட்டுக் காட்டினார். எனக்கு அப்போது டச்சு சரியாக வராது. எண்களே போதுமாக இருந்தன.

மற்ற விளையாட்டுகள் இந்தக் கணக்கை எப்போதோ முடித்துவிட்டன. நீச்சலில் பெண்களுக்கு 1,500 மீட்டர் ஃப்ரீஸ்டைல் டோக்கியோ ஒலிம்பிக்கில் வந்தது. பனிச்சறுக்கு நெடுந்தூர ஓட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தூரம் என்று 2022இல் முடிவெடுத்தார்கள். 50 கிலோமீட்டரும் அதில் அடக்கம். ஏன், நீங்களே எல்லோரும் ஒன்றாகக் கிளம்பும் மாஸ் ஸ்டார்ட் போட்டியை 2018இல் ஒலிம்பிக்குக்குக் கொண்டுவந்தபோது இருபாலருக்கும் 16 சுற்று என்று வைத்தீர்கள். 6,400 மீட்டர். 2022 பெய்ஜிங்கில் அந்த 16 சுற்றை வென்ற ஈரீன் ஸ்கௌடன் அதே ஒலிம்பிக்கில் 3,000 மீட்டரையும் 5,000 மீட்டரையும் வென்றார். இவோனைப் போலவே மூன்று தங்கம். அவரும் மாரத்தான் ஸ்கேட்டிங்கில் வளர்ந்தவர். கூட்டமாக ஓடும்போது 16 சுற்று தாங்கும் பெண், தன் பாட்டுக்குத் தனித் தடத்தில் ஓடும்போது பன்னிரண்டரையில் நிற்க வேண்டும் என்பதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. ஸ்கௌடனும் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். ஆட்யே, கிரேதா, ஈரீன் என்று ஒரு தலைமுறைக்கு ஒருவராகக் கையை விட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார்கள்.

நான் கேட்பது ஒரே நாளில் ஒலிம்பிக் நிரலை மாற்றுவதை அல்ல. அதற்குப் பல கதவுகள் தட்ட வேண்டும் என்று தெரியும். ஆனால் உலகக் கோப்பைத் தொடரும், தனித்தூர உலக சாம்பியன்ஷிப்பும் உங்கள் கையில் இருப்பவை. வருகிற பருவத்தில் ஒரு உலகக் கோப்பைச் சுற்றில், ஒரே ஒரு சனிக்கிழமை, பெண்களுக்கு 10,000 மீட்டர் வையுங்கள். பன்னிரண்டு பேர் பதிவு செய்யாவிட்டால் எட்டுப் பேரோடு நடத்துங்கள். ஹேரன்வேனில் வைத்தால் நான் டிக்கெட் வாங்கி வருகிறேன், என் மகள் படிக்கும் கிளப்பின் பிள்ளைகளையும் கூட்டி வருகிறேன். அதன் பிறகு நேரங்களைப் பார்த்து முடிவெடுங்கள். அது சரிப்பட்டால் சாம்பியன்ஷிப்பில் சேருங்கள். அங்கே நிலைத்துவிட்டால் ஒலிம்பிக் குழுவிடம் வெறுங்கையோடு போகாமல் சாதனைப் பட்டியலோடு போகலாம்.

உங்கள் சங்கம் 1892இல் தொடங்கியது லோசானில் அல்ல. இங்கிருந்து ரயிலில் போய் வரக்கூடிய ஸ்கேவனிங்கன் கடற்கரை ஊரில்தான். மறுவருடம் ஆம்ஸ்டர்டாமில் நடந்த முதல் அதிகாரபூர்வ உலக சாம்பியன்ஷிப்பிலேயே ஆண்களுக்கு 10,000 மீட்டர் இருந்தது. அன்றிலிருந்து 130 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

என் மகள் இந்த மடலை வாசித்துவிட்டு, தன் பெயரைப் போட வேண்டாம் என்றாள். ஒரு திருத்தம் மட்டும் சொன்னாள். ஜனவரியில் ஓடியபோது அவளுக்கு ஆன நேரத்தை நான் எழுதியிருந்தேன், அதை எடுக்கச் சொன்னாள். நவம்பரில் தளம் திறந்ததும் மறுபடி ஓடப்போகிறாளாம், அந்த நேரத்தை உங்களுக்கு அனுப்ப வேண்டுமாம். ஹேர்பேண்ட் ஐந்தும் ஸ்கேட் பையின் பக்கவாட்டு உறையில் இருக்கின்றன.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஹார்லெமிலிருந்து ஒரு தாய்